ஒன்பது கட்டை ஆட்டம்

விளக்கமறியல் சாலை
27.03.2024

அன்பு நிஷாவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் சிறை வாசலில் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற உத்தியோகத்தரே சிரித்துவிடுவார். உயிரோடு இருக்கிறேன். வந்த அன்றைக்குக் கக்கூசுக்குப் பக்கத்தில்தான் இடம் என்றார்கள். முடியாது என்றேன். நாலு பேர் சேர்ந்து மிதித்தார்கள். இப்போது கக்கூசுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறேன். இடது காது கொஞ்சம் இரைகிறது, அவ்வளவுதான், பயப்படாதே.

அத்தை சாப்பிடுகிறாரா? மகனைப் பறிகொடுத்தவரிடம் சாப்பிடச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனாலும் கஞ்சியாவது ஊட்டிவிடு. கிஷாந்த் உனக்குத் தம்பி, எனக்கு மச்சான் என்பதெல்லாம் பேருக்குத்தான். தேயிலை ஸ்டோரில் என்னோடு யந்திரம் பழுது பார்க்கிற பிட்டர் வேலைக்கு வந்த நாளிலிருந்து, ஸ்பேனரை நான் கேட்கும் முன்பே அவன் கை நீட்டும். இங்கே தூக்கத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறேனாம். கத்தினால் உதைக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பிரதாப் கைப்பிடியை இழுத்ததைக் கிட்ட நின்று பார்த்தவள் நீ ஒருத்திதான். யந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் போய்ச் சாட்சி சொன்னால், அவனுடைய ஆட்கள் உன்னை மடக்கிவிடுவார்கள் என்று நம் சட்டத்தரணி சொல்கிறார். அதனால் கவனமாகப் படி.

துரைமார் காலத்துக் கிளப் கட்டடம் அது. கணேசமூர்த்தித் தலைவர் தொழிற்சங்கத்தை விட்டுவிட்டுக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக்கியிருப்பது உனக்குத் தெரியும். அதன் பின்கூடத்தில் கிடந்ததுதான் இந்த ஒன்பது கட்டை ஆட்டம். நீளமான பலகைத் தளம், ஒரு முனையில் நின்று மரப்பந்தை உருட்ட வேண்டும். மறுமுனையில் ஒன்பது கட்டைகள் நிற்கும். விழுந்த கட்டைகளை ஆள் போய் நிமிர்த்தாமல் இருக்கத்தான் யந்திரம். ஒவ்வொரு கட்டையின் தலையிலும் ஒரு கயிறு. கயிறுகளைச் சுற்றினால் கட்டைகள் தொங்கியபடி மேலே போய், அங்கே இருக்கிற பெரிய இரும்புச் சட்டத்தில் பொருந்திக்கொள்ளும். பிறகு உருட்டுகிறவர் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால், சட்டம் கட்டைகளோடு கீழே இறங்கி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்தும்.

சட்டம் பயங்கரக் கனம். அது மெதுவாக இறங்கப் பின்சுவரில் ஒரு தோல் துருத்தி வைத்திருந்தான் அதைச் செய்த வெள்ளைக்காரன். துருத்தியிலிருந்து காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, சட்டம் பூப்போல வந்து உட்காருமாம். நல்ல மூளை. ஆனால் தோலை எலி தின்றுவிட்டது. புதுத் தோல் தைத்து வரும்வரை பொறுக்கச் சொன்னேன். தலைவர் மகன் பிரதாப் பொறுக்கவில்லை, நுவரெலியா சீசனுக்கு முன்னால் திறந்தே ஆக வேண்டும் என்று நின்றான். துருத்தி இல்லாவிட்டால் சட்டம் அப்படியே விழும். அதற்காகத்தான் நானே ஒரு காவல் கம்பி செய்தேன். ஸ்டோரில் கழித்துப் போட்ட கம்பியை வெட்டி, தலையில் ஒரு வளையம் பற்ற வைத்து, சிவப்புச் சாயமும் பூசினேன். அதைச் சட்டத்தின் துவாரத்தில் செருகிவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து கைப்பிடியை இழுத்தாலும் சட்டம் அசையாது. வெள்ளைக்காரனுக்கே தோன்றாத வேலை அது. சும்மா கட்டி நிறுத்திய வேலை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

நான் பிரதாப்பை அடித்ததைப் பற்றிக் கேட்டால், பக்கத்தில் கிடந்த இரும்பை எடுத்து அடித்தார் என்று மட்டும் சொல்.

சாரமும் பல்துலக்கியும் கொடுத்து அனுப்பு.

உன்
ஜீவராஜ்

*

மேமலைத் தோட்டம், கீழ் டிவிசன்
லிந்துலை
04.04.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சாரம் இரண்டும், பல்துலக்கியும், சவர்க்காரமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சவர்க்காரத்தை அந்த நாலு பேருக்குக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். இளகின மனசு என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவர்தானே நீங்கள்.

அம்மா சாப்பிடுவதில்லை. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். திறந்தால் பார்க்க முகம் இல்லை. அம்மா மூடியை நகத்தாலேயே பிறாண்டினாள். இரண்டு விரலில் நகம் பெயர்ந்து இரத்தம் ஒழுகியது, அதோடுதான் மகனுக்கு வாய்க்கரிசி போட்டாள், மூடியின் மேலே. மண் தள்ளி முடித்துத் திரும்பும்போது நான் பிரதாப்பின் பெயரைச் சொல்லிக் காறித் துப்பினேன். பெண்கள் மயானத்துக்கு வரக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அவருக்கும் ஒரு துப்பு விழுந்தது.

பிரதாப்புக்கு ஒரு கண் போய்விட்டதாம். தாடை எலும்பும் உடைந்து, வாயைக் கம்பியால் கட்டியிருக்கிறார்களாம். கேட்டபோது என் நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு கண்ணும் போயிருக்க வேண்டும். மலையில் கொழுந்து எடுக்கும்போது மற்றவர்கள் என்னைப் பார்த்துக் கிசுகிசுக்கிறார்கள். கிசுகிசுக்கட்டும். என் தம்பிக்காக அடித்தவர் என் புருஷன் என்று நிமிர்ந்துதான் நிற்கிறேன்.

நான் பார்த்ததை எழுதுகிறேன். சரியாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

பழுது பார்த்த யந்திரத்தை முதல்முறை ஓட்டும்போது அதற்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம் ஸ்டோர் வழக்கம். கிளப்பிலும் அப்படியே செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். முதல் ஓட்டம் முதலாளி கையால் நடக்க வேண்டும் என்பதால் பிரதாப் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீங்கள் சூடம் காட்டினீர்கள். தம்பி பழம் வைத்தான். தளம் சரிவு, பழம் உருண்டது. "மச்சான், நிக்க மாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டே மறுபடியும் குனிந்தான். நான் தேங்காயோடு கைப்பிடிக்குப் பக்கத்து வாசற்படியில் நின்றேன். தேங்காய் உடைந்த பிறகுதான் இழுக்க வேண்டும் என்று பிரதாப்பிடம் நீங்கள் இரண்டு தரம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அவன் கைப்பிடியைச் சும்மா ஆட்டி ஆட்டித் தம்பியைப் பயம் காட்டினான். "டேய் கிஷாந்த், வருது வருது" என்றான். தம்பி தலையைத் தூக்கவில்லை, விளையாட்டு என்று நினைத்துவிட்டான். மூன்றாவது தரம் சட்டம் வந்தது. கட்டைகள் ஒன்பதும் தம்பியின் முதுகிலும் கழுத்திலும் தலையிலும் இறங்கின. அந்தச் சத்தம் கட்டைச் சத்தம் இல்லை. பூசணிக்காயைக் கல்லில் போட்ட மாதிரி. கால் இரண்டும் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டன. தேங்காய் என் கையில் முழுசாக இருந்தது.

பிறகு நீங்கள் பிரதாப்பின் மேல் பாய்ந்தீர்கள். அதற்கு மேல் நீங்கள் சொன்னபடிதான் சொல்வேன்.

ஒன்று கேட்கிறேன். காவல் கம்பி இருந்தால் பத்துப் பேர் இழுத்தாலும் சட்டம் அசையாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எப்படி விழுந்தது? கோட்டில் போய் நிற்கும்போது இதைத்தானே முதலில் கேட்பார்கள்?

உங்கள்
நிஷாந்தி

*

விளக்கமறியல் சாலை
11.04.2024

அன்பு நிஷாவுக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. தேங்காய் முழுசாக இருந்தது என்பதை மறக்காமல் சொல். அதில்தான் பிரதாப்பின் கழுத்து மாட்டும்.

கம்பியைப் பற்றி நீயாக வாயைத் திறக்காதே. கேட்டால் தெரியாது என்று சொல். பழைய யந்திரம், எத்தனையோ கோளாறு. பிட்டர் பெண்சாதி என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா? கொழுந்து எடுக்கிறவள் நீ.

இங்கே என் நிலைமை சரியில்லை. தலைவரின் ஆள் ஒருவன் பக்கத்து வார்டுக்கு வந்திருக்கிறான். நேற்றுக் குளிக்கப் போன இடத்தில் என் தலையைப் பிடித்துத் தொட்டிச் சுவரில் மோதினான். புருவத்தில் தையல் போட்டிருக்கிறார்கள். ஒரு கண்ணுக்கு ஒரு கண் என்று காதில் சொல்லிவிட்டுப் போனான். நான் அவன் விரலைக் கடித்தேன், எலும்பு தெரிகிற அளவுக்கு. அதற்காக எனக்குத் தனி அறை. தனி அறையில் யாரும் அடிப்பதில்லை. ஆனால் அங்கே படுத்தால் சட்டம் விழுகிற சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அடி வாங்குவதே மேல்.

சட்டத்தரணி வந்து போனார். கொலை முயற்சி என்று போட்டிருக்கிறார்களாம். வழக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகலாமாம். நான் அவ்வளவு காலம் தாக்குப் பிடிக்க மாட்டேன் நிஷா. வெளியே வர ஏதாவது வழி இருக்கிறதா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். தலைவர் தரப்போடு பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். யாராவது வீட்டுக்கு வந்து பேசினால் சண்டை பிடிக்காமல் கேட்டுக்கொள். உன் வாய் எனக்குத் தெரியும்.

புதுவருஷம் வருகிறது. அத்தைக்குப் பால் தேத்தண்ணியாவது போட்டுக் கொடு.

உன்
ஜீவராஜ்

*

லிந்துலை
22.04.2024

அன்புள்ள அத்தானுக்கு,

புருவத்துத் தையல் பிரித்தாயிற்றா? கடித்த விரல் யாருடையது என்று மட்டும் பெயரை எழுதி அனுப்புங்கள். அவன் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே ஆள் வந்தது. ஆள் என்ன, தலைவரே வந்தார். ஜீப்பைத் தண்ணீர்ப் பீலிக்கரையில் நிறுத்திவிட்டு, இரண்டு தடியன்களோடு எங்கள் லயத்துக் காம்பரா வீட்டுக்கு ஏறி வந்தார். சம்பளப் போராட்டத்தில் நமக்காக அடி வாங்கினவர் என்று லயத்து ஆட்கள் இன்னும் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள். அம்மாவின் காலைத் தொட்டார். அழுதார். அழுகை உண்மைதான் என்று நினைக்கிறேன், அவர் மகனும் அரைகுறையாகத்தானே கிடக்கிறான்.

பிறகு பையிலிருந்து தாளை எடுத்தார். "போனது போச்சு தாயி. ரெண்டு பக்கமும் பிள்ளைங்க நாசமாப் போச்சு. நீ இதுல கையெழுத்துப் போடு. ஜீவராஜ் மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்லன்னு நாங்க எழுதிக் குடுக்கறோம். அடுத்த கோட்டுத் தவணைக்கு உன் புருஷன் வீட்டுக்கு வந்துருவான்" என்றார்.

வாசித்தேன். கிஷாந்த் தானாகவே காவல் கம்பியைக் கழற்றினான் என்றும், தேங்காய் உடைந்த பிறகும் கவனமில்லாமல் தலையை உள்ளே விட்டான் என்றும், பிரதாப் மேல் பிழை இல்லை என்றும் எழுதியிருந்தது. எழுதினவன் நல்ல கையெழுத்துக்காரன்.

தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். சண்டை பிடிக்காதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள் அல்லவா. எழுந்து போய்க் கூரையில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன். தலைவர் பின்னால் நகர்ந்தார். ஒரு தடியன் என் கையைப் பிடிக்க வந்தான். அவன் முழங்கையில் ஒரு கோடு போட்டேன். அவன் ஐயோ என்று கத்த, மற்றவன் என்னை வயிற்றில் உதைத்துத் தள்ளினான். அடுப்படியில் போய் விழுந்தேன். எழுந்து ஓடிப்போய் ஜீப்பின் முன்சக்கரம் இரண்டையும் கிழித்தேன். தேயிலை மிலாறுக் கிளையை வெட்டுகிற கத்திக்கு டயரெல்லாம் ஒரு பொருட்டா? தலைவர் பிரதான பாதை வரைக்கும் மழையில் நடந்தே போனார். லயமே வெளியே வந்து பார்த்தது. ஒருவரும் இந்தமுறை கும்பிடவில்லை.

வயிற்றில் உதைபட்ட இடம் கறுத்திருக்கிறது. பரவாயில்லை.

ஒரே ஒரு விஷயம் என்னை அரிக்கிறது. காவல் கம்பி என்று ஒன்று இருப்பது தலைவருக்கு எப்படித் தெரியும்? அது வெள்ளைக்காரன் செய்ததில்லை, நீங்கள் செய்தது. அந்த யந்திரத்துக்குப் பக்கத்திலேயே போகாத மனிதர் அவர், மகனுக்கோ வாயைக் கட்டியிருக்கிறது.

உங்கள்
நிஷாந்தி

*

விளக்கமறியல் சாலை
30.04.2024

நிஷா,

கத்தியை எடுத்தாயா? பைத்தியமா உனக்கு? நீயும் உள்ளே வந்துவிட்டால் அத்தையை யார் பார்ப்பது? தலைவர் நல்ல மனசோடு வந்திருக்கிறார். பொலிஸில் முறைப்பாடு கூடக் கொடுக்கவில்லை. அதற்கே நீ போய்க் காலில் விழ வேண்டும்.

தாளில் கையெழுத்துப் போடு. கெஞ்சிக் கேட்கிறேன். கிஷாந்த் இருந்திருந்தால் அவனே போடச் சொல்லியிருப்பான். என் மேல் உயிரையே வைத்திருந்தவன். செத்தவனுக்கு இனிமேல் அவமானம் என்று ஒன்று கிடையாது. உயிரோடு இருக்கிறவன் நான். என்னைப் பார். கம்பியை அவன் கழற்றியிருக்கவும் கூடும்தானே? அவன் கை சும்மா இருக்காது என்று உனக்கே தெரியும்.

சட்டத்தரணியிடம் யந்திரத்தைப் பற்றி எல்லாம் சொல்ல வேண்டி வந்தது. அவர் தலைவர் தரப்பிடம் சொல்லியிருப்பார். இதையெல்லாம் தோண்டிக்கொண்டு இருக்காதே.

அடுத்த தவணை 8ஆம் திகதி. அதற்கு முன் போட்டுக் கொடுத்துவிடு. வெளியே வந்ததும் பூண்டுலோயாப் பக்கம் போய்விடலாம், அங்கே ஸ்டோரில் பிட்டர் தேவையாம். புதிசாக ஆரம்பிக்கலாம்.

ஜீவராஜ்

*

லிந்துலை
10.05.2024

அத்தானுக்கு,

இதை வாசலில் யார் படித்தாலும் படிக்கட்டும்.

தவணைக்கு வந்தேன். நீங்கள் கூண்டிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக் கேட்டீர்கள், போட்டாயா என்று. நான் உங்களைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரதாப்பை அடித்த இரும்பை அட்டை கட்டி மேசையில் வைத்திருந்தார்கள். முழங்கை நீளக் கம்பி. தலையில் ஒரு வளையம். வளையத்தில் சிவப்புச் சாயம்.

அந்தச் சாயம் எனக்குத் தெரியாதா? வீட்டில் சாயம் இல்லை என்று நகத்துக்குப் பூசுகிற என் கியுடெக்ஸைத்தானே கேட்டு வாங்கிப் போனீர்கள். பாதிப் போத்தலை முடித்துவிட்டீர்களே என்று அன்றைக்கு உங்களோடு சண்டை கூடப் பிடித்தேன்.

பக்கத்தில் கிடந்த இரும்பு இல்லை அது. காவல் கம்பி. சட்டத்தில் இருக்க வேண்டியது உங்கள் கையில் இருந்தது. சட்டம் விழுந்த உடனே நீங்கள் பாய்ந்தீர்கள். எங்கேயும் குனியவில்லை, எதையும் பொறுக்கவில்லை. முன்பே உருவிக் கையில் வைத்திருந்தீர்கள்.

ஏன் உருவினீர்கள் என்றும் எனக்குத் தெரியும். சூடம் காட்டின பிறகு, முதல் ஓட்டம் முடியும் வரை பிட்டர் கை யந்திரத்தில் படக் கூடாது, பட்டால் குற்றம் என்று உங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறீர்கள். அதனால் சூடத்துக்கு முன்பே கம்பியை எடுத்துவிட்டீர்கள். சாமிக் குற்றம் வரக் கூடாது என்று பார்த்தீர்கள், தம்பி தலையை உள்ளே விடப் போகிறான் என்று பார்க்கவில்லை. பழத்தை முதலில் வைத்துவிட்டுப் பிறகு சூடம் காட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

ஆனாலும் அதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். சத்தியமாகப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வேண்டுமென்று செய்ததில்லை. என் மடியில் விழுந்து அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். அதை அவன் மேல் போட்டீர்களே? தம்பி இரண்டு கையிலும் பழத்தட்டைப் பிடித்திருந்தான். அவனா கம்பியைக் கழற்றினான்? தலைவருக்கு அந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். அந்தத் தாள் உங்கள் தாள்.

நீங்கள் பிரதாப்பை அடித்தபோது அவன் விழுந்துவிட்டான். விழுந்த பிறகும் அடித்தீர்கள். கை இரண்டையும் கூப்பிக் கும்பிட்டான், கையின் மேலேயே அடித்தீர்கள். கண்ணில் அடித்தீர்கள். என் தம்பிக்காக அடிக்கிறார் என்று நினைத்து நான் தடுக்கவில்லை. இன்னும் அடியுங்கள் என்று கத்தினேன். இப்போது தெரிகிறது, எங்கள் எல்லோருடைய கண்ணும் உங்கள் கையிலிருக்கும் கம்பியைப் பார்க்காமல் பிரதாப்பின் இரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் அடித்தீர்கள். அந்த அடியில் பாதி யாருக்கு விழ வேண்டியது?

கையெழுத்துப் போட மாட்டேன். 28ஆம் திகதி நீதவான் கிளப்புக்கே வந்து யந்திரத்தைப் பார்க்கப் போகிறார். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன்.

நிஷாந்தி

*

விளக்கமறியல் சாலை
17.05.2024

நிஷாந்தி,

என்ன தைரியத்தில் எழுதினாய்? புருஷனைக் கொண்டு போய்த் தூக்கில் மாட்டப் பார்க்கிறாயா? தலைவர் மகனிடம் எவ்வளவு வாங்கினாய்? நான் இங்கேயே கிடந்து செத்துவிடுவேன் என்று நினைக்காதே. ஒரு நாள் வெளியே வருவேன். அன்றைக்கு உன் வாயில் பல் இருக்காது. முன்பு வாங்கியதெல்லாம் தடவிக் கொடுத்தது போல இருக்கும்.

இதற்கு மேல் எழுதியதை நினைக்காதே. கோபத்தில் எழுதிவிட்டேன். வேறு தாள் இல்லை, கிழிக்கவும் மனமில்லை. நிஷா, நான் தூங்கி எத்தனையோ நாளாகிறது. அவன் குனிவதைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். நீ கிளப்புக்குப் போகாதே. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. உன் காலைப் பிடிக்கிறேன்.

ஜீவராஜ்

*

லிந்துலை
02.06.2024

ஜீவராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மேல் பாதி எனக்குப் பழக்கம்தான். கீழ் பாதி அன்றைக்கே வந்திருக்க வேண்டும்.

கிளப்புக்குப் போனேன். அம்மாவும் வந்தாள், பிடிவாதமாக. தளத்தைக் கழுவியிருந்தார்கள், பலகை இடுக்கில் கறுப்பு அப்படியே இருந்தது. நீதவான், பொலிஸ், சட்டத்தரணிகள், தலைவர், கண்ணில் கட்டோடு பிரதாப், எல்லோரும் நின்றார்கள். முதலில் கம்பியைத் துவாரத்தில் செருகி, இரண்டு கொன்ஸ்தாபல்மாரைக் கைப்பிடியை இழுக்கச் சொன்னார்கள். தொங்கிப் பார்த்தார்கள். சட்டம் அசையவில்லை. உங்கள் வேலை நல்ல வேலைதான், சொல்லத்தான் வேண்டும்.

பிறகு கம்பியை உருவினார்கள். தம்பி குனிந்த இடத்தில் ஒரு பெரிய முட்டைக்கோவாவை வைத்தார்கள். ஹோட்டல் குசினியிலிருந்து எடுத்து வந்தது. ஒரு கொன்ஸ்தாபல் ஒற்றைக் கையால் இழுத்தார். கோவா நாலு பக்கமும் தெறித்தது, ஒரு துண்டு நீதவானின் சப்பாத்தில் ஒட்டியது. அம்மா கத்தவில்லை. பிரதாப்தான் கத்தினான். கம்பி கட்டின வாயால் ஏதோ ஊளையிட்டு, சுவரில் தலையை முட்டிக்கொண்டான். தலைவர் அவனைப் பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவனைப் பார்த்தபோது என் நெஞ்சு குளிரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

என்னைக் கேட்டார்கள். கைப்பிடியை இழுத்தது யார் என்றார்கள். பிரதாப் என்றேன், தேங்காய் என் கையில் இருந்தது என்றேன். கம்பியை உருவியது யார் என்றார்கள். என் புருஷன் ஜீவராஜ் என்றேன். விழுந்து கிடந்தவனை அடித்தது யார் என்றார்கள். அதற்கும் அதே பெயரைச் சொன்னேன். அடிக்கச் சொல்லிக் கத்தியது நான் என்பதையும் சொன்னேன். சிங்களத்தில் மொழிபெயர்த்தவர் அதைச் சொல்லத் தயங்கினார். சொல்லுங்கள் ஐயா என்றேன்.

பிரதாப்பையும் உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். உங்களுக்குப் பிணை இல்லை. அவன் உங்கள் வார்டுக்கு வந்தால் கை வைக்காதீர்கள். இது நான் உங்களிடம் கேட்கிற கடைசி விஷயம்.

உங்கள் உடுப்பையும் சாமான்களையும் மூட்டை கட்டி உங்கள் அண்ணன் வீட்டுக்கு, வட்டகொடைக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் இருக்கிற இடத்தில் குளிர் கூட என்று கேள்விப்பட்டேன். கம்பளிச் சட்டை ஒன்றை மட்டும் தபாலில் போட்டிருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் டிவிசனில் கடிதங்களைக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் பெயர் கூப்பிட்டுத்தான் கொடுக்கிறார்கள். உங்களுக்கு அது தெரியும். ஜீவராஜ் பெண்சாதி என்றுதான் இத்தனை வருஷமும் என்னைக் கூப்பிட்டார்கள். இன்றைக்குக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் கை நீட்ட மாட்டேன். கடிதம் வந்த வழியே போகட்டும். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடுவதற்கு எனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கிஷாந்தின் அக்கா
நிஷாந்தி